பதிவு செய்தவர்: சகோதரர்

நவம்பர் 17, திங்கள்

அப்பாவுக்கு வேட்டி மாற்றிக் கஞ்சி ஊட்டிவிட்டுக் கடைக்குப் போகும்போது பத்தேகால். கோபி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இந்தக் கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாகக் கண் சோதிப்பது நான்தான். நேரம் தவறினேன் என்று யாரும் சொன்னது கிடையாது. இன்றைக்கும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குச் சத்தியமங்கலத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் குணவதி, வயது ஐம்பத்திரண்டு, வெள்ளெழுத்து. நாற்காலியில் உட்கார வைத்துச் சோதனை ஃப்ரேமை மாட்டினேன். அவர் எழுத்துப் பலகையைப் பார்க்காமல் என் சட்டையில் குத்தியிருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மஞ்சள் மண்டி சென்னியப்பன் தங்கச்சி தானுங்களே நீங்க?"

ஆமாம் என்றேன்.

"எங்க தம்பி நாச்சிமுத்துவுக்கு உங்களைத்தான் மூணு தடவ கேட்டோமுங்க. மூணு தடவையும் கல்யாணத்துல இஷ்டமில்லைன்னு நீங்களே எழுதீட்டீங்க. நாங்க அப்பறம் என்னத்தைச் சொல்றது?"

எதில் எழுதினேன் என்று கேட்டேன். அந்தக் கல்யாண இணையதளத்தில்தான் என்றார். தம்பி மாட்டாஸ்பத்திரியில் ஆய்வாளராம். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு பதிவை எடுத்துவிடப் போகிறாராம், கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சாம். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் லேட்டு என்பது மாதிரி சொன்னார்.

வலது கண் லென்ஸை இடது கண்ணில் போட்டுவிட்டேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணி உப்புமா கிண்டினார். நன்றாக இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

ஆறு வருடத்துக்கு முன்னால், அப்பா பக்கவாதத்தில் விழுவதற்கு இரண்டு மாதம் முந்தி, அண்ணன் கடைக்குப் போன் போட்டார். "அம்மிணி, உம்பட போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், படி" என்றார். படித்தேன். கல்யாண சைட்டில் என்னைப் பதிகிறாராம். எதிரே நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்ததால் சரி என்று போனை வைத்துவிட்டேன். அத்துடன் சரி. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வரன் பார்ப்பது வீட்டு ஆம்பளையின் வேலை. அந்தப் பெண் ஆயிரம் பேருக்குக் கண் பார்த்துச் சொல்பவளாக இருந்தாலும் அவள் கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை. தீபாவளிக்கு ஒரு தடவை அவரே, "ஒண்ணும் அமையல அம்மிணி" என்பார். சரிங்கண்ணா என்பேன்.

இன்று மதியம் சாப்பாட்டு வேளையில் அந்தச் சைட்டைத் திறந்தேன். கடவுச்சொல் தெரியாது. ஆனால் மொபைல் எண் போட்டால் ஓடிபி வரும் என்றிருந்தது. அன்றைக்கு அவர் கொடுத்தது என் எண்தானே. போட்டேன், வந்தது, உள்ளே போய்விட்டேன். ஆறு வருடம் பூட்டாத வீட்டுக்கு வெளியே நின்றிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேலே என் பெயர். துளசிமணி, 38. அதற்குக் கீழே, "பதிவு செய்தவர்: சகோதரர்." புதுமனை புகுவிழாவில் எடுத்த படம். என்னை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார், ஓரத்தில் அவருடைய தோள்பட்டை மிச்சம் இருக்கிறது.

வந்த விருப்பங்கள் முப்பத்தேழு. போன பதில்கள் முப்பத்தேழு. ஒன்று விடாமல் படித்தேன். என் தங்கைக்குத் திருமணத்தில் விருப்பம் இல்லை. தங்கைக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. தங்கைக்கு உடல்நிலை சரியில்லை. சிலதெல்லாம் தங்கை என்றுகூட இல்லை, நானே எழுதின மாதிரி: எனக்கு விருப்பமில்லை, தொந்தரவு செய்யாதீர்கள், துளசிமணி.

நாச்சிமுத்துவின் மூன்றாவது கடிதம் போன மாதம் வந்திருக்கிறது. நான்கு வரி. "முன்பே மறுத்தவர்களை மறுபடி கேட்பது முறையில்லை என்று தெரியும். உங்களைக் கடையில் ஒருமுறை பார்த்தேன், ஒரு பெரியவருக்குப் பொறுமையாக எழுத்து சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். இதுதான் கடைசி." அதற்குப் போன பதில்தான் "தொந்தரவு செய்யாதீர்கள்".

படத்தில் விளிம்பில்லாத கண்ணாடி போட்டிருக்கிறார். அந்த முகத்துக்கு அது எடுபடாது. தொழில் பழக்கம், கண்ணில் பட்டுவிட்டது.

உடனே ஒரு பதில் போட்டிருப்பேன். ஆனால் இங்கே என்ன எழுதினாலும் ஒரு நகல் முதன்மை மின்னஞ்சலுக்குப் போகும். முதன்மை மின்னஞ்சல் அண்ணனுடையது. நான் ஒன்று எழுதினால் அடுத்த நிமிடம் அவர் இன்னொன்று எழுதுவார், என் பெயரிலேயே. முதலில் முகவரியை மாற்ற வேண்டும்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எல்லாம் சொன்னாள். புது முகவரி கொடுக்கலாம். ஆனால் பழைய முகவரிக்கு மூன்று தடவை மெயில் போகும். "இதைச் செய்தது நான் இல்லை" என்று ஏழு நாளுக்குள் அங்கிருந்து ஒரு தட்டுத் தட்டினால் மாற்றம் ரத்து, அப்புறம் மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது. அந்த ஏழு நாளும் யாருக்கும் பதில் அனுப்பவும் முடியாது. "பாதுகாப்புக்காகத்தான் மேடம்" என்றாள். யாருடைய பாதுகாப்பு என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் என்ன செய்வாள் பாவம்.

நாளைக்குத் தட்டினால் இருபத்தாறாம் தேதி முடியும். முப்பதுக்கு முன்னால்தான். ஆனால் ஏழு நாள் அண்ணன் மெயிலைப் படிக்கக் கூடாது.

அண்ணனுக்குத் தூரமும் மங்கல், கிட்டத்தில் வெள்ளெழுத்து, இரண்டே முக்கால் பவர். கண்ணாடி இல்லாமல் தன் கையெழுத்தே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தானே பார்த்தேன்.

நவம்பர் 19, புதன்

கண் கூசுகிறது, தலை வலிக்கிறது என்று அண்ணன் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை காபி குடிக்கும்போது, "கொடுங்கண்ணா, லென்ஸ் பூச்சு உரிஞ்சிருக்குது, புதுசு போட்டுடலாம்" என்றேன். கழற்றிக் கொடுத்தார். லென்ஸ் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், ஏழு நாள் ஆகும் என்றேன். அதுவரை பழைய கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்றார். அதன் ஒரு பக்கக் கை தானாகக் கழன்று விழுந்தது. திருகு என் பர்ஸில் இருக்கிறது.

பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினேன். முப்பத்தெட்டு வயதில் முதல் முகவரி. அப்பா பெயரும் வேண்டாம், வீட்டுப் பெயரும் வேண்டாம், வெறும் துளசிமணி. அது வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். பின்னால் என் பிறந்த வருடத்தைச் சேர்த்தேன். கிடைத்தது. பிறகு சைட்டில் போய்த் தட்டினேன்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். அண்ணன் போனை நீட்டினார். "என்னமோ வந்திருக்குது அம்மிணி, என்னன்னு பாரு."

"உங்கள் கணக்கின் முதன்மை மின்னஞ்சல் மாற்றப்படுகிறது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஜவுளிக்கடை விளம்பரம், மார்கழித் தள்ளுபடி என்றேன். "கார்த்திகையே இப்பத்தான பொறந்துச்சு" என்றார். அழித்துவிட்டுக் கொடுத்தேன். ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

இன்னொரு தடவையும் ஊற்றிக்கொண்டேன். அதுதான் எனக்கே ஆச்சரியம்.

நவம்பர் 20, வியாழன்

அண்ணன் காபியில் உப்பைப் போட்டுக் குடித்தார். டப்பா இரண்டும் ஒரே மாதிரி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

இன்று ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. நான் கடையில் இருந்தேன். அண்ணி கோயிலுக்குப் போன நேரத்தில் அண்ணன் அப்பாவுக்கு மத்தியான மாத்திரை கொடுக்கப் போய், ராத்திரிக்கு உள்ள தூக்க மாத்திரையை உரித்துவிட்டார். அண்ணி வந்து பார்த்துத் தட்டிவிட்டாராம். அப்பாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவருக்கு இடது பக்கம் வராமல் போனதற்கு யார் மேல் கோபப்படுவது?

கண்ணாடியைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கைப்பைக்குள்தான் கிடக்கிறது. அப்புறம் தடித்த மார்க்கர் வாங்கி வந்து ஒவ்வொரு டப்பாவிலும் அரை அடி எழுத்தில் காலை, மதியம், ராத்திரி என்று எழுதி வைத்தேன். அப்பா அதைப் பார்த்து வாய் கோணச் சிரித்தார். அண்ணனைக் கூப்பிட்டு, "எப்படிண்ணா, தெரியுதா?" என்று கேட்டேன். நல்லாத் தெரியுது என்றார். "நீ இல்லாட்டி இந்த வூட்டுல ஒரு வேல நடக்காது அம்மிணி."

அது எனக்கும் தெரிந்துவிட்டது. முப்பத்தேழு தடவை எழுதிக் காட்டியிருக்கிறாரே.

நவம்பர் 22, சனி

இரண்டாவது மெயில் வந்தது. அண்ணன் குளிக்கப் போயிருந்தார். அழித்தேன்.

கோயிலுக்குப் போகிற கணக்காக ஒரு வேலை நடக்கிறது, தினமும் காலையில் எழுந்ததும் சைட்டைத் திறந்து எத்தனை நாள் மிச்சம் என்று பார்ப்பது. நான்கு. நாச்சிமுத்து இன்னும் பதிவை எடுக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஃப்ரேம் எந்த அளவு என்று தெரிந்துகொள்ளத்தான். இரண்டு கண்ணுக்கும் இடையே தூரம் அறுபத்து நான்கு மில்லிமீட்டர் இருக்கலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று முகூர்த்தம். மண்டிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகையைப் படித்துச் சொல்லச் சொன்னார் அண்ணன். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், நேரம் எல்லாம் சரியாகப் படித்தேன். மண்டபம் எது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்போதும் போகும் மண்டபம்தான் என்று அங்கே போய்விட்டார். முன்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மேடையேறி அட்சதை போட்டு, யாரோ ஒரு மாப்பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கீழே இறங்கும்போதுதான் பெண் வீட்டார் நீங்க யாருங்க என்று கேட்டார்களாம்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் வாய்விட்டே சிரித்தேன். அண்ணனும் கூடச் சிரித்தார். சின்ன வயதில் வாய்க்காலில் நீச்சல் சொல்லிக்கொடுத்தபோது சிரித்த சிரிப்பு அது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வேண்டாம். அண்ணன் அனுப்பின பதில்களில் ஒன்றை மறுபடி எடுத்துப் படித்தேன். "தங்கை கோபக்காரி, எந்தக் குடும்பத்துக்கும் ஒத்து வரமாட்டாள்." இது பவானியிலிருந்து கேட்ட ஒருவருக்கு. படித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

நவம்பர் 24, திங்கள்

குணவதி அம்மாவுக்குப் போன் போட்டேன். உங்கள் கண்ணாடி தயார், புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நாளைக்கே வரட்டுமா என்று கேட்டார். புதன்தான் வர வேண்டும், சரியாகப் பதினொன்றுக்கு என்றேன். அவருடைய கண்ணாடி சனிக்கிழமையே வந்துவிட்டது.

அப்புறம் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஓர் அட்டை அடிக்கக் கொடுத்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

இன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அப்பாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அண்ணன் போன் கூப்பிட்டது. கடைசி மெயில் அது, நாளை மாற்றம் முடிகிறது என்று நினைவூட்ட வருவது. என்ன வந்திருக்கிறது பார் என்று அண்ணன் அண்ணியிடம் சொல்வது கேட்டது. துண்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் போன் அண்ணி கையில். அண்ணி படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். ஒரு விரல் தட்டினால் போதும், மூன்று மாதம் போய்விடும், முப்பதாம் தேதியும் போய்விடும்.

"ஜவுளிக்கடை வெளம்பரமுங்க" என்றார். "மார்கழித் தள்ளுபடியாம்."

அழித்துவிட்டுப் போனை அண்ணனிடம் கொடுத்தார். நான் அடுப்படிக்குப் பின்னாலேயே போனேன். அண்ணி வெங்காயம் எடுத்து அரிய உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொத ரெண்டு வருசம் அவரு சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிச்சேன் தொளசி. நீ போயிட்டா மாமாவ நான்தான தூக்கோணும். அதான் அடிச்சேன். அப்பறம் என்னால முடியாதுன்னுட்டேன், அவரே அடிக்கக் கத்துக்கிட்டாரு."

ஆறு வருடமாக ஒரே அடுப்படி. ஒரு நாள் சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு நாள்.

மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று எழுதிவைக்கவும் மாட்டேன். வெங்காயத்தை வாங்கி நான் அரிந்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 26, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து நாற்பதுக்குப் போனில் வந்துவிட்டது. "உங்கள் முதன்மை மின்னஞ்சல் மாற்றப்பட்டது." கடவுச்சொல்லையும் மாற்றினேன். "பதிவு செய்தவர்" என்ற இடத்தில் சகோதரர் என்பதை எடுத்துவிட்டு "சுயம்" என்று போட்டேன். கடைசியாக ஒரு கேள்வி வந்தது, அதற்கு மட்டும் உடனே பதில் சொல்லாமல் விட்டுவைத்தேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குணவதி அம்மா வந்தார். சுவரோரப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். பதினொன்றுக்கு அண்ணன் வந்தார், தட்டுத் தடுமாறி. நாற்காலியில் உட்கார வைத்தேன். புதுக் கண்ணாடியை நானே மாட்டிவிட்டு, மூக்குத் தாங்கியைச் சரி செய்து, காதுக்குப் பின்னால் இறுக்கிப் பார்த்தேன். உறுத்துகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். "உலகமே இப்பத்தான் தெரியுது அம்மிணி."

படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தேன். ஜெராக்ஸ் கடையில் அடித்தது, பார்க்க வழக்கமானது மாதிரிதான். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. "சத்தமாப் படிங்கண்ணா, எது வரைக்கும் தெரியுதுன்னு பாக்கோணும்."

முதல் வரியை நல்ல சத்தமாகப் படித்தார். "என் தங்கைக்குத் திருமணத்தில் விருப்பம் இல்லை." பழக்க தோஷம், இரண்டாவது வரிக்கும் அப்படியே போய்விட்டார். "தங்கைக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது." மூன்றாவதில் "தங்கைக்கு உடல்நிலை" என்றவர் நின்றார்.

"படிங்கண்ணா."

"அம்மிணி."

"முழுசாப் படிச்சாத்தானுங்க பவர் சொல்ல முடியும்."

மூன்றாவதைப் படித்தார். நான்காவதைப் படித்தார், அந்தக் கோபக்காரி வரி. குரல் இறங்கிக்கொண்டே போனது. பெஞ்சில் குணவதி அம்மா எழுந்து நின்றுவிட்டார். கடைசி வரி பொடி எழுத்து. அட்டையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார்.

"இது தெரியலைம்மிணி."

"தெரியும்ண்ணா. லென்ஸ் சரியாத்தான் போட்டிருக்கறேன்."

படித்தார். "எனக்கு விருப்பமில்லை, தொந்தரவு செய்யாதீர்கள், துளசிமணி."

அவரிடம் குணவதி அம்மாவைக் காட்டினேன். "இவங்க தம்பிக்குத்தானுங்கண்ணா அதை எழுதுனது நீங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றப் போனார். கழற்ற வேண்டாம் என்றேன். ஏழு நாளாக இந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். அவர் முகம் சிறுத்துப்போய் அந்த நாற்காலியில் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், கிடந்தது. இனித்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

அவர் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"நீ போயிட்டா அப்பாவ யாரு பாக்கறது?" என்றார்.

"நீங்கதான். அதான் கண்ணாடி போட்டாச்சுல்ல."

எழுந்து போய்விட்டார். அட்டையை எடுத்துக்கொண்டா போனார் என்று கவனிக்கவில்லை. அப்புறம் தேடினேன், காணவில்லை.

குணவதி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பிக்கு இப்பவே போன் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் எனக்கு எழுதித்தான் கேட்டார், பதிலும் நானே எழுதுகிறேன் என்றேன். அவருடைய கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு அப்போதுதான் பதில் போட்டேன். "பழைய முகவரியைத் துணை முகவரியாக வைத்துக்கொள்ளலாமா? உங்களுக்கு வருவதன் நகலும் நீங்கள் அனுப்புவதன் நகலும் அங்கே போகும். அங்கிருந்து எதையும் மாற்றவோ பதில் அனுப்பவோ முடியாது." ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

ஆம்.

நவம்பர் 27, வியாழன்

நாச்சிமுத்துவுக்கு எழுதினேன். ஆறு தடவை எழுதி அழித்து, கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. முன்பு வந்த பதில்கள் எதுவும் நான் எழுதியவை அல்ல. கல்யாணம் செய்துகொள்வேனா என்று இன்னும் எனக்கே தெரியாது, ஆனால் பேச விருப்பம் உண்டு. உங்கள் கண்ணாடி உங்களுக்குப் பொருந்தவில்லை, கடைக்கு வாருங்கள்.

அனுப்பினேன். அடுத்த அறையில் அண்ணன் போன் மணி அடித்தது.

நவம்பர் 30, ஞாயிறு

அண்ணன் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவது இப்போது அவர்தான். காலையில் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பாதி கஞ்சி அப்பாவின் பனியனில்தான். பழகிவிடும், நானும் அப்படித்தான் பழகினேன்.

நாச்சிமுத்து பதிவை எடுக்கவில்லை. மத்தியானம் பதில் வந்தது. திறப்பதற்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

துணை முகவரிக்கு நகல் சற்றுத் தாமதமாகத்தான் போகும்போல, நான் திறக்கவும் அப்பா அறையில் அண்ணன் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைப்பது கேட்டது. அப்புறம் மேசையில், அலமாரியில், தலையணைக்கடியில் துழாவுவது கேட்டது. கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"சட்டைப் பையிலதான் இருக்குதுங்கண்ணா" என்றேன். "எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிங்க."